வினாக்கொத்தும் “ஓம்” என்ற விடையும்

கேள்வி: எனது ஆய்வுக்காக 60 பேரிடம் வினாக்கொத்து நிரப்பினேன். “மனம் நிம்மதியாக இருக்கிறது” என்பதற்கும் “மனம் அந்தரப்படுகிறது” என்பதற்கும் பலர் “ஓம்” என்றே சொல்லியிருக்கிறார்கள். தரவுகளைக் கைவிடுவதா?
– பல்கலைக்கழக மாணவி, கிளிநொச்சி

பதில்: கைவிட வேண்டாம். நேரும் எதிருமாக வினாக்களை அமைத்ததனால்தான் இக்குறை உங்கள் கண்ணில் பட்டது. ஒரே திசையில் கேட்டிருந்தால் அழகான, ஆனால் பொய்யான சராசரி ஒன்று கிடைத்திருக்கும். எதைக் கேட்டாலும் உடன்படும் இப்போக்கு ஆய்வாளர்களுக்குப் பழகியதே. 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கேர்ட் வகுத்த, உடன்பாட்டின் அளவைக் கேட்கும் அளவுகோல் இதற்கு எளிதில் இரையாகும்.

வன்னியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2009இல் போர் முடிந்த பின்னர் வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி என்று எத்தனையோ படிவங்களைக் கண்டவர்களுக்குப் படிவம் என்றாலே பயனாளிப் பட்டியல்தான். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் நான் முதல் வினாவை வாசிக்கு முன்பே, அந்த அம்மா பொலித்தீன் பையிலிருந்து அடையாள அட்டையையும் குடும்ப அட்டையையும் எடுத்துப் பாயில் பரப்பிவிட்டார்.

ஆகவே, கிராம அலுவலரை உடன் அழைக்காமல் பத்துப் பேரிடம் மீண்டும் சென்று, இதனால் எந்த உதவியும் கிடைக்கவோ நிற்கவோ போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொரு வினாவையும் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று அவர்களது சொல்லிலேயே கூறக் கேளுங்கள். (நம்மூர் “ஓம்” சிலவேளை “கேட்கிறது, மேலே சொல்லுங்கோ” என்பதுதான்.) “கடந்த கிழமை எத்தனை இரவு நித்திரை வரவில்லை” என்பதுபோல எண்ணிச் சொல்லத்தக்கதைக் கேட்பது மேலும் நல்லது. முரண்பட்ட விடைகளை மறைக்காமல் ஆய்வேட்டில் தனி அட்டவணையாகக் கொடுங்கள்.