தரவுத்தளக் கண்காணிப்பு: பூச்சியமும் வெறுமையும் ஒன்றல்ல (கேள்வி-பதில்)

தலவாக்கலை வாசகர்: எமது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைச் சோதிக்கும் வினவல்களை (குவெரி, தரவைக் கேட்கும் கட்டளைகள்) நிருவாகியின் கடவுச்சொல்லிலேயே ஓடவிடுகிறோம். தவறா?

தவறு. 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து பிஜி_மானிட்டர் என்னும் பாத்திரம் (ரோல், அனுமதிகளின் தொகுப்பு) இதற்கென்றே இருக்கிறது. அதைக் கொண்ட தனிக் கணக்கொன்றை ஆக்கி, உங்கள் சொந்த அட்டவணைகளில் தேவையானவற்றுக்கு மட்டும் வாசிப்பு அனுமதி கொடுங்கள்.

பண்டாரவளை வாசகர்: செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) அட்டவணையின் மொத்த நிரைகளைப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை எண்ணுகிறோம். அன்றிலிருந்து சம்பளப் பட்டியல் ஊர்ந்து வருகிறது.

வராமல் என்ன செய்யும்? ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முழு அட்டவணையையும் வாசிக்க வைக்கிறீர்கள், அந்த எண்ணைப் பார்ப்பவரோ யாருமில்லை. உத்தேச எண் போதுமென்றால் போஸ்ட்கிரெஸின் சொந்த அட்டவணையான பிஜி_கிளாஸில் ரெல்டப்பில்ஸ் என்னும் நிரலில் அது இருக்கிறது. கண்காணிப்புக் கணக்குக்கு ஐந்து செக்கன் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் (வினவலுக்கான காலவரம்பு) இடுங்கள். காலவரம்பில்லாத சோதனை வினவலை ஓடவிடாதீர்கள் என்று நான் எழுதுவது இது முதன்முறையன்று.

ஹட்டன் வாசகர்: மடுவங்களில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளில்) நிறுக்கும் கொழுந்துக் கணக்கில், கடந்த ஒரு மணித்தியாலத்தில் பிழையான பதிவு எத்தனை என்று கேட்கிறோம், 0 என்றால் பச்சை. போதுமா?

போதாது. பிழையான பதிவு இல்லை என்பதற்கும் பதிவே வரவில்லை என்பதற்கும் உங்கள் வினவல் ஒரே விடையைத்தான் தரும். இதே சோதனையைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். மழையில் ஒரு மடுவத்தின் இணைப்பு அறுந்து மூன்று நாள் கொழுந்து தரவுத்தளத்துக்கு வந்து சேரவேயில்லை, திரையோ மூன்று நாளும் பச்சையாகவே இருந்தது. கிலோக்கணக்கு கணக்கப்பிள்ளையின் கொப்பியில் மட்டும் இருந்தது. அரைக் கிலோவுக்கும் நியாயம் கேட்கும் பெண்களுக்குப் பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) நின்று பதில் சொன்னவர் அவர்தான், நானல்ல.

ஆகவே கடைசிப் பதிவு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை மடுவம் மடுவமாகக் கேளுங்கள். அதையும் பதிவு அட்டவணையைக் குழுவாக்கிக் கேட்காதீர்கள். எதுவும் அனுப்பாத மடுவம் அந்த விடையில் தோன்றவே தோன்றாது. மடுவப் பட்டியலிலிருந்து தொடங்கிப் பதிவுகளை லெஃப்ட் ஜொயினால் (இடப்பக்க அட்டவணையின் எல்லா நிரைகளையும் விடாமல் காட்டும் இணைப்பு) இணைத்தால், அனுப்பாத மடுவம் வெறுமையோடு வந்து நிற்கும். வேலையில்லாத ஞாயிறும் போயாவும் வீண் எச்சரிக்கை தராதபடி தோட்டத்து நாட்காட்டியையும் ஓர் அட்டவணையாக வைத்திருங்கள். இன்னொரு பொறி: நாகியோஸ் என்னும் கண்காணிப்பு மென்பொருளின் பாணியில் சோதனை ஸ்கிரிப்ட் வெளியேறும் எண் 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியாது. வெற்று மதிப்பை எண்ணோடு ஒப்பிடும் ஷெல் ஸ்கிரிப்ட் பிழைச் செய்தியொன்றை முணுமுணுத்துவிட்டு எல்ஸ் (‘இல்லாவிட்டால்’) பகுதிக்குள் விழும். அங்கே பெரும்பாலோர் எழுதி வைத்திருப்பது 0. வெறுமை வந்தால் முதல் வரியிலேயே 3 என்று வெளியேறுங்கள்.

பெயர், ஊர் குறிப்பிடாதவர்: ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அவசரம்.

எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு, என்ன பிழைச் செய்தி? இம்மூன்றும் இல்லாத கடிதத்துக்கு இனிப் பதில் இல்லை.

பதுளை வாசகர்: பதிவுகள் உடனுக்குடன் வருகின்றன, ஆனால் கடைசிப் பதிவு சுமார் 19,800 செக்கன் பழையது என்று எச்சரிக்கை வருகிறது.

அதை 3,600ஆல் வகுத்துப் பாருங்கள்: ஐந்தரை. பதிவு யூடிசி (உலகப் பொது) நேரத்தில், ஒப்பீடு இலங்கை நேரத்தில். நேர வலயத்தோடு கூடிய நேர நிரலுக்கு (கொலம்) மாறுங்கள்.

நுவரெலியா வாசகர்: இரவில் யாரும் வேலை செய்யாதபோது பிரதித் தரவுத்தளம் மணிக்கணக்கில் பின்தங்கியதாகக் காட்டுகிறது. ஏன்?

நீங்கள் அளப்பது கடைசிப் பரிவர்த்தனையின் வயது. புதிய பரிவர்த்தனை இல்லாவிட்டால் அது வளரத்தான் செய்யும். வோல் என்பது மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் பதிவேடு. பிரதி பெற்ற வோல் இடமும் செயற்படுத்திய வோல் இடமும் ஒன்றானால் பின்னடைவை 0 என்று கொள்ளுங்கள். ஆனால் இணைப்பு அறுந்த பிரதியிலும் அவ்விரண்டும் ஒன்றாகவே நிற்கும். எனவே வோலைப் பெறும் இணைப்பின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_வோல்_ரிசீவரில் நிரை இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நிரை இல்லையென்றால் சிவப்பு. ஹட்டன் வாசகருக்குச் சொன்னதேதான்.