கணக்குப் பிள்ளைக்கு எதற்கு முதுமைப் பாடம்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் ‘முதுமையின் உயிரியல் - ஓர் அறிமுகம்’ என்று ஒரு விருப்பப் பாடத்தை பி.காம். மாணவர்களான எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். பைக் ஓடி ஓடித் தேய்கிற மாதிரி உடம்பும் தேய்கிறது. வயசானா இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதுதானே? இதில் ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்க என்ன இருக்கிறது? கணக்குப் படிக்கிறவர்களுக்கு இது எதற்கு?
- பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவர், பெரம்பூர்

பதில்: முதுமையைப் பற்றிய முதல் உருப்படியான விதியைக் கண்டுபிடித்தவரே ஒரு கணக்குக்காரர்தான், தம்பி. லண்டனில் வாழ்ந்த பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ், யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் தானாகவே கணிதம் கற்றவர். எந்த வயதுக்காரரிடம் எவ்வளவு ஆயுள் காப்பீட்டு பிரீமியம் வாங்குவது என்று கணக்குப் போடுவது அவர் தொழில். எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற அட்டவணைகளை அலசி, 1825-ல் ஒன்றைச் சொன்னார். வளர்ந்து ஆளான பிறகு, இறந்துபோகும் அபாயம் ஆண்டுக்கு இவ்வளவு என்று சீராகக் கூடுவதில்லை. கூட்டு வட்டிபோலப் பெருகுகிறது. மனிதர்களுக்கு அது ஏறக்குறைய 8 ஆண்டுகளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைத் தாண்டித்தானே போய் வருகிறீர்கள்? பாலிசி போட வருகிறவர் முதலில் உங்கள் வயதைக் கேட்பதற்குப் பின்னால் இந்த விதிதான் இருக்கிறது. உங்கள் துறையில் பிறந்த விஷயத்தை உங்களுக்கு எதற்கு என்று கேட்கிறீர்கள்.

அடுத்து அந்த பைக். பைக்குக்குத் தன் செயினைத் தானே மாற்றிக்கொள்ளத் தெரியாது. உங்கள் குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒரு முறை புதிதாகிறது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாளில் போய்விடுகிறது, வேறு வந்துவிடுகிறது. டிஎன்ஏ-வில் விழும் கீறல்களை ஒவ்வொரு செல்லும் அன்றாடம் சரிசெய்துகொண்டிருக்கிறது. இப்படித் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும் ஒன்றைத் தேய்ந்துபோகிறது என்று எப்படிச் சொல்வது?

பழுது பார்க்கவே முடியாத இடங்களும் உடம்பில் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் வில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மையப் பகுதி நீங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவானது. ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக அங்குள்ள செல்கள் தங்கள் உட்கருவையே இழந்துவிட்டவை. புதிய புரதம் செய்ய அவற்றால் ஆகாது. எழுபது வயதுக்காரர் இன்று காலை பேப்பர் படித்தார் என்றால், அந்த எழுத்துகள் எழுபது வருடத்துப் பழைய புரதத்தின் ஊடாகத்தான் அவருக்குத் தெரிந்தன. அதன்மேல் அடுக்கடுக்காகப் புது இழைகள் சேர்ந்து வில்லை மெல்ல இறுகுகிறது. நாற்பதைத் தாண்டியதும் பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறோமே, அந்த வெள்ளெழுத்து இதனால் வருவது. அந்தப் புரதங்கள் குலைந்து திரண்டு மங்கினால் புரை. எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போனால் அந்த வரிசையைப் பார்க்கலாம். தேய்மானம் என்று நீங்கள் சொல்வது இந்த மாதிரி இடத்துக்குப் பொருந்தும். உடம்பு முழுவதற்கும் பொருந்தாது.

பொருந்தாது என்பதற்கு நம் வீட்டுச் சுண்டெலியே சாட்சி. எவ்வளவு பத்திரமாக வளர்த்தாலும் இரண்டு மூன்று வருடம்தான் அதன் ஆயுள். சைபீரியாவில் ஒரு வௌவால் இனம் இருக்கிறது. எடை சுமார் 7 கிராம், சுண்டெலியைவிடச் சிறியது. காட்டில் அடையாளமிட்டு விடப்பட்ட ஒன்று 41 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு பிடிபட்டது. இரவெல்லாம் சிறகடித்துப் பறக்கிற பிராணி அது. ஓடித் தேய்வதென்றால் முதலில் அதுவல்லவா தேய வேண்டும்?

இந்தப் புதிருக்கு பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1950-களின் தொடக்கத்தில் ஒரு விடை கொடுத்தார். காட்டில் பெரும்பாலான எலிகள் முதுமையைப் பார்ப்பதே இல்லை. பூனையோ ஆந்தையோ பாம்போ அதற்கு முன்பே அடித்துவிடுகிறது. மூன்றாம் வயதில் கெடுதல் செய்யும் ஒரு மரபணுக் கோளாறு இருந்தாலும், அதற்குள் எலி குட்டி போட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவதால் இயற்கைத் தேர்வு அதைக் களைய வழியில்லை. 1977-ல் தாமஸ் கிர்க்வுட் என்ற இன்னொரு ஆய்வாளர் இதை இன்னும் கூர்மையாக்கினார். உண்ட உணவின் ஆற்றலை உடம்பைப் பழுது பார்க்கவும் செலவிட வேண்டும், குட்டி போடவும் செலவிட வேண்டும். இரண்டுக்கும் முழுசாகக் கொடுக்க எந்த உயிரிடமும் ஆற்றல் இல்லை. நாளை பூனை வாய்க்குப் போகிற எலிக்குப் பழுது பார்ப்பதில் அதிகம் ஒதுக்கி லாபமில்லை. பறந்து தப்பிக்கத் தெரிந்த வௌவாலுக்கு லாபம் உண்டு. யானை, திமிங்கிலம், ஆமை எல்லாம் வௌவால் பக்கம்தான். ஆக, முதுமை நம் உடம்பில் வைத்து அனுப்பிய கெடு அல்ல. பழுது பார்ப்பதற்கு எவ்வளவு ஒதுக்கினால் போதும் என்று பரிணாமத்தில் படிந்த அளவு அது. ஒதுக்கீடு, செலவு, லாபம் என்று பேசுகிற இந்தப் பாடத்தை பி.காம். மாணவரை விட யார் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்?

உங்கள் கேள்வியில் என்னை உண்மையிலேயே வருத்தியது அந்த ‘வயசானா இப்படித்தான்’. அந்த வார்த்தையால் நம் வீடுகளில் எவ்வளவோ பேர் வைத்தியம் இல்லாமல் கிடக்கிறார்கள். மறதிக்கு தைராய்டு குறைவோ வைட்டமின் பி12 குறைவோ காரணமாக இருக்கலாம். சாப்பிடப் பிடிக்காமல் சுருண்டு படுத்திருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். நடையில் தள்ளாட்டம், போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்றின் வேலையாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. எது முதுமை, எது நோய் என்று பிரித்துப் பார்க்கிற மருத்துவம் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் தொடங்கியது. கிண்டியில் முதியோருக்கென்றே தனி மருத்துவமனை 2024-ல் திறந்திருக்கிறது. இதெல்லாம் இருந்தும் வீட்டிலிருப்பவர்கள் அழைத்துப் போனால்தானே?

அலட்சியம் ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் வியாபாரம். இளமையை மீட்கும் கேப்சூல் என்று போனைத் திறந்தால் விளம்பரம். ‘டெலோமியரை நீட்டும்’ என்கிறார்கள். டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனி. செல் பிரியப் பிரிய அது குறைந்து, ஒரு கட்டத்தில் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். மனித செல்களுக்கு இப்படி ஓர் எல்லை இருப்பதை 1961-ல் லெனார்ட் ஹேஃப்ளிக் என்ற உயிரியலாளர் காட்டினார். அந்த எல்லையைத் தாண்டி நுனியை நீட்டிக்கொண்டே போகிற செல்கள் எவை தெரியுமா? பெரும்பாலான புற்றுநோய் செல்கள். ‘ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்’ மாத்திரை நல்லதுதானே என்று அடுத்து கேட்பீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. அந்த வகையைச் சேர்ந்த பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்திருந்தது.

நேர்மையான ஆராய்ச்சியும் நடக்கிறது. ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த ராபமைசின், மாற்று உறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுக்கப்படும் மருந்து. அதை 600 நாள் வயதான, அதாவது கிழட்டு எலிகளுக்குக் கொடுத்தபோதும் ஆயுள் கூடியது என்று 2009-ல் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து காட்டின. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து என்பதால் நோயில்லாத மனிதருக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு, எத்தனை காலம் என்ற கேள்விகள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. எலிக்குக் கிடைத்த முடிவைக் காட்டி மனிதரிடம் காசு வாங்குகிறவர் வந்தால், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை வருடம் பார்த்தீர்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா என்று கணக்குக் கேட்க வேண்டும். அதற்கு உங்களைப் போன்றவர்கள் வேண்டும். வகுப்புக்குப் போங்கள், தம்பி.