சின்னவளுக்கு எச்எஃப்எம்டி (கை, கால், வாய் நோய்), பெரியவனுக்கு பாடம் நின்னு போச்சு: இந்த வாரத்த எப்படி ஓட்டுறது?

கேள்வி: மூத்தவனுக்கு 7 வயசு, எம்ஓஇ-கிட்ட (சிங்கப்பூர் கல்வி அமைச்சு) விலக்கு வாங்கி ஹோம்ஸ்கூல் பண்றோம். சின்னவளுக்கு 3 வயசு, திங்கக்கிழமையிலேருந்து எச்எஃப்எம்டி, வாயெல்லாம் புண்ணு, இடுப்ப விட்டு இறங்க மாட்டேங்கிறா. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். அசெஸ்மென்ட் புக் (பயிற்சிப் புத்தகம்) எல்லாம் அப்படியே கிடக்கு, இவன் நாள் பூரா ஐபேட் கேக்குறான், நானும் கத்திடுறேன். பேசாம ஸ்கூல்ல போட்டிருக்கலாம்னு அத்தை தினமும் சொல்றாங்க. எப்படி சமாளிக்கிறது டீச்சர்? — செங்காங்ல இருந்து ஒரு அம்மா

பதில்:

முதல்ல அசெஸ்மென்ட் புக்க அலமாரியில வச்சு மூடிடுங்க மா. சும்மா ஆறுதலுக்கு சொல்லல. 2019லேருந்து இங்க ஸ்கூல்ல பி1, பி2-க்கு (தொடக்கப்பள்ளி முதல் ரெண்டு வகுப்பு) மார்க் போடுற பரீட்சையே கிடையாது, உங்க பையன் வயசு பிள்ளைங்க ஒரு கிளாஸ்ல முப்பது பேரு உக்காந்திருப்பாங்க, அதுல ஒரு பிள்ளைக்குன்னு டீச்சர் தனியா பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்குற நேரத்த கூட்டிப் பாத்தா ஒரு நாளைக்கு சில நிமிஷம் வந்தாலே பெருசு. நீங்க முக்கா மணி நேரம் நிம்மதியா உக்காந்தா அதவிட அதிகம். நாம தாண்ட வேண்டியது 12 வயசுல வர்ற பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), அந்த வருஷம் நாலு பாடமும் ஸ்டாண்டர்ட் லெவல்ல எழுதுற பிள்ளைங்கள்ல 33வது பெர்சென்டைல, அதாவது நூறு பேர்ல கீழ இருக்கற 33 பேர, நம்ம பிள்ளை தாண்டணும். அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு, இந்த ஒரு வாரம் அதுல எங்கயும் தெரியப் போறதில்ல.

ஆனா ஒண்ணுமே செய்யாம விட்டா இவனுக்கும் பொழுது போகாது, உங்களுக்கும் குத்தும். அதனால ரெண்டே ரெண்டு: கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. சயின்ஸ், ரைட்டிங், கிராஃப்ட் எல்லாம் அப்புறம்.

கணக்குக்கு உண்டியல உடைச்சு காச தரையில கொட்டுங்க (மூணு வயசு பக்கத்துல இருக்கறதால மேசை மேலன்னா இன்னும் நல்லது, வாயில போட்டுக்கும்). "80 காசு எடு, ஆனா மூணே மூணு காசுல" அப்படின்னு கேளுங்க. அவன் 50, 20, 10னு தேடி எடுப்பான். அடுத்து நாலு காசுல. இங்கதான் கொஞ்சம் முழிப்பான், 20 நாலு வைக்கலாம், ஒரு 50-ம் மூணு 10-ம் வைக்கலாம், இல்லன்னா 50, 20, ரெண்டு 5. மூணு வழி இருக்குன்னு நீங்க சொல்லாதீங்க, அவனே கண்டுபிடிச்சு உங்ககிட்ட ஓடி வரட்டும். அப்புறம் அஞ்சு காசுல. சின்னவள மடியில போட்டுக்கிட்டே வாயாலயே நடத்திடலாம், பேனா கூட வேணாம். பி1 மேத்ஸ்ல நம்பர் பாண்ட்ஸ் (ஒரு எண்ண ரெண்டா பிரிச்சுப் பாக்குறது), கூட்டல், பணம்னு தனித்தனி சாப்டரா வர்றது மூணும் இதுக்குள்ளயே இருக்கு. அது முடிஞ்சா ஷெங் சியோங் சூப்பர்மார்க்கெட் ரசீது ஒண்ணக் குடுத்து 5 வெள்ளிக்கு (டாலர்) மேல என்னென்ன இருக்குன்னு வட்டம் போடச் சொல்லுங்க, கால் மணி நேரம் ஓடிடும்.

வாசிப்புக்கு தமிழப் பிடிச்சுக்கோங்க. இந்த மாதிரி வாரத்துல எல்லாரும் முதல்ல கைவிடுறது தமிழத்தான், நான் தலைகீழா சொல்றேன். இங்கிலீஷ் எப்படியும் டிவில, லிஃப்ட்ல, கீழ பிளேகிரவுண்ட்லன்னு காதுல விழுந்துக்கிட்டே இருக்கும், தமிழ் நம்ம வாயிலேருந்து வந்தாத்தான் உண்டு, பிஎஸ்எல்இ-ல அதுவும் ஒரு பேப்பர். படுத்துக்கிட்டே கதை சொல்றதுக்கு பெருசா தெம்பும் வேணாம், நோவுல இருக்கற பிள்ளையும் சேந்து கேக்கும். இப்ப லைப்ரரிக்கு போக வேணாம், என்எல்பி (தேசிய நூலக வாரியம்) ஆப்லயே தமிழ் இ-புக் இருக்கு. இதுல அத்தைய இழுத்துப் போடுங்க. "ஸ்கூல்ல போடு"ங்கறவங்ககிட்ட வாதாடி பிரயோஜனம் இல்ல, தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வீடியோ கால்ல அவங்க ஊர்க்கதைய பேரனுக்கு சொல்லட்டும், உங்களுக்கு குளிக்க நேரம் கிடைக்கும். பேரன் என்ன படிக்கிறான்னு அவங்க கண்ணாலயே பாத்துட்டா அந்தப் பேச்சும் பாதி குறைஞ்சிடும்.

கத்துறத பத்தி கேட்டீங்க. தூக்கம் இல்லன்னா யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க. வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிஞ்சு வந்த உடனே படுக்காம பெரியவன ஒரு மணி நேரம் பாக் கனெக்டர் (பூங்காக்கள இணைக்குற நடைபாதை) பக்கம் கூட்டிட்டுப் போகட்டும், நீங்க சின்னவளோட சேந்து தூங்குங்க, பாத்திரம் கிடக்கட்டும். கோவத்துல ஒண்ணு மட்டும் வாயில வரக்கூடாது: "இப்படி பண்ணினா ஸ்கூல்ல சேத்துருவேன்". நாளைக்கு நிஜமாவே சேக்க வேண்டி வரலாம், அப்ப அவனுக்கு அது தண்டனையாத்தான் தெரியும். ஐபேட்? மத்தியானம் ஒரு நேரம் வச்சு குடுத்துடுங்க, இந்த வாரம் அதுக்குப் போய் சண்டை போடாதீங்க.

பெரியவனுக்கும் ஒட்டிக்கிட்டிருக்கலாம், வெளிய தெரிய மூணுலேருந்து ஆறு நாள் ஆகலாம், அதனால மத்த பிள்ளைங்களோட விளையாட விடாதீங்க. சானிடைசர நம்பாதீங்க, இந்த வைரஸுக்கு அது அவ்வளவா கேக்காது, சோப்பு போட்டு கழுவணும், டயப்பர் மாத்தின பிறகு கண்டிப்பா. பொதுவா ஏழு பத்து நாள்ல சரியாயிடும். ஆனா தண்ணியே குடிக்க மாட்டேங்கிறா, ஒண்ணுக்கே போகல, அசந்து அசந்து விழுறா, காய்ச்சல் மூணு நாளுக்கு மேல போகுதுன்னா டாக்டர்கிட்ட ஓடுங்க.

அடுத்த வாரம் விட்டதயும் சேத்து டபுளா நடத்தாதீங்க, அதுலதான் நிறைய பேர் ரெண்டாவது வாரத்தயும் கெடுத்துக்கிறாங்க. அவன் கடைசியா தடுமாறாம செஞ்ச பக்கத்துக்கு திரும்பப் போய் அங்கேருந்து ஆரம்பிங்க. கொஞ்சம் மறந்து போனத யோசிச்சு எடுக்கும்போது நல்லா பதியும், அதனால இடைவெளி விட்டது முழுக்க நஷ்டமும் இல்ல.

வருஷா வருஷம் எம்ஓஇ-க்கு அனுப்புற ரிப்போர்ட் நினைச்சு பயந்தீங்கன்னா, காலண்டர்ல இந்த வாரத்துக்கு நேரா "தங்கச்சிக்கு எச்எஃப்எம்டி; காசு கணக்கு, தமிழ்க் கதை"ன்னு எழுதி, அந்த 80 காசு அடுக்கினத ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உள்ளத உள்ளபடி எழுதினா போதும்.