பிள்ளையைக் காப்பகத்தில் விடலாமா? டீச்சரிடம் கேட்டவை

தக்கலைப் பக்கம் அங்கன்வாடியிலும், அப்புறம் ஒரு குழந்தைகள் காப்பகத்திலுமாக எனக்கு முப்பது வருடம் ஓடிவிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகளுக்கு 14 மாதம். நாகர்கோவிலில் மறுபடி வேலைக்குச் சேரப் போகிறேன். காப்பகத்தில் விட்டால் தாய்ப்பாசம் போய்விடும் என்கிறார் மாமியார். உண்மையா டீச்சர்?

போகாது மக்களே. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி, 1,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து வருடக்கணக்காகக் கவனித்தார்கள். காப்பகத்தில் விட்ட ஒரே காரணத்தால் தாயிடம் உள்ள ஒட்டுதல் குறையவில்லை. வீட்டில் தாய் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகிறாளா, அழுதால் என்னவென்று கேட்கிறாளா என்பதுதான் பெரிதாக இருந்தது. நல்ல கவனிப்பு கிடைத்த பிள்ளைகளுக்குப் பேச்சும் கொஞ்சம் நன்றாகவே வந்தது. ஒன்றை மறைக்கக் கூடாது: வாரத்தில் நெடுநேரம் காப்பகத்தில் இருந்த பிள்ளைகளிடம் அடமும் சண்டையும் சற்றுக் கூடுதல். சிறிய வித்தியாசம்தான். ஆனாலும் வேலை 5 மணிக்கு முடிந்தால் நேரே போய்க் கூட்டி வாருங்கள்.

இந்த வயதில் பிரியும்போது அழுகை ரொம்பவே இருக்கும். முதல் நாலைந்து நாள் கூடவே இருந்து, தனியாக விடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கண்ணை மறைத்து நழுவிப் போகாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். எங்களிடம் வந்த ஒரு சின்னப் பயல் தாயின் சேலை முந்தியை விடவே மாட்டான். மூன்றாம் நாள் அவள் உடுத்திய பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தாள். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான், ஒரு மாதம்.

நல்ல காப்பகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரில் வரைந்த படங்களை விடுங்கள். பிள்ளைகளுக்குக் கால் கழுவும் இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். "இந்தக் கால் கழுவியாச்சு, மற்றக் கால் எங்க?" என்று ஆயா கேட்கிறாரா, பிள்ளை காலை நீட்டும்வரை காத்திருக்கிறாரா? அப்படியென்றால் தைரியமாக விடலாம். பேச்சும் புத்தியும் அங்கேதான் வளர்கிறது. ஒன்றும் பேசாமல் பொம்மையைக் கழுவுவதுபோல் கழுவி இறக்கிவிட்டால் வேண்டாம்.

ஆயா எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை யாரிடம் ஒட்டும்? ஒன்றரை வயதுக்குள் மூன்று பிள்ளைக்கு ஒருவர், இரண்டு வயதில் நாலு பிள்ளைக்கு ஒருவர் என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. நம்ம ஊரில் அது கிடைப்பது கஷ்டம். என்றாலும் பத்துக் கைப்பிள்ளைக்கு ஒரே ஆயா என்றால் நான் விடமாட்டேன்.

அண்டியாபீசில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) வேலை. அங்கே தொட்டில் அறை கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. மகப்பேறு சட்டத்தில் 2017-ல் திருத்தம் வந்ததிலிருந்தே, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

களியக்காவிளையில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், பிள்ளையைப் பார்க்கும் ஆயா மலையாளம். ஒன்றே முக்கால் வயதாகியும் ஏழெட்டு வார்த்தைதான். குழப்பமா?

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. தமிழில் 'தண்ணி', மலையாளத்தில் அதே தண்ணிக்கு 'வெள்ளம்'. இரண்டும் சொன்னால் அது இரண்டு வார்த்தை. இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ணுங்கள். கையில் போன் கொடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வார்த்தை குறைவாகத்தான் இருக்கிறது, அதனால் காது நன்றாகக் கேட்கிறதா என்று இப்போதே பரிசோதித்துவிடுங்கள். இரண்டு வயதிலும் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

விட்ட நாள் முதல் சளி, காய்ச்சல். நிறுத்திவிடலாமா?

முதல் வருடம் அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் இந்தப் பிள்ளைகளுக்குச் சளி குறைவாகவே வரும். காய்ச்சல் உள்ள நாளில் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.