துப்பாக்கியில் மாட்ட வேண்டாம், கையில் பிடியுங்கள்: 1,500 வெள்ளிக்குள் இரவுப் பார்வைக் கருவி

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காட்டோரமாக நான்கு ஏக்கர், பாதி செம்பனைக் கன்று, மீதியில் மரவள்ளியும் வாழையும். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கிக் கிளறிவிட்டுப் போகிறது. மாமாவிடம் 12 போர் (bore) வேட்டைத் துப்பாக்கியும் உரிமமும் இருக்கிறது. "1,500 வெள்ளிக்குள் துப்பாக்கியில் மாட்டுகிற மாதிரி நைட் விஷன் ஸ்கோப் எது நல்லது அண்ணே? ஆன்லைனில் 300 வெள்ளிக்கும் இருக்கிறது, 5,000க்கும் இருக்கிறது. தலை சுற்றுகிறது."

தம்பி, ஸ்கோப்பே வேண்டாம். அதே காசில் கையில் பிடித்துப் பார்க்கும் மோனோகுலர் (ஒற்றைக்கண் நோக்கி) வாங்குங்கள்.

ஏன் என்றால், ஸ்கோப் துப்பாக்கிமேல் இருந்தால், அங்கே அசைவது என்ன என்று பார்ப்பதற்கே குழலை அதன்மேல் நீட்ட வேண்டியிருக்கும். தோட்டத்து இருட்டில் அசைவதெல்லாம் பன்றி இல்லை. விடியற்காலை நாலரை ஐந்துக்கே ரப்பர் பால்வெட்டு ஆள் நெற்றியில் விளக்கோடு வந்துவிடுவார், செம்பனை நிரைகளில் யாரோ அவிழ்த்துவிட்ட மாடு படுத்திருக்கும், பக்கத்து நிலத்துக்காரர் உங்களைப் போலவே தன் வாழையைக் காவல் காக்க வந்திருப்பார். பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தி நம் நாட்டில் புதிதல்ல. அதோடு 12 போரில் எஸ்ஜி (ஒரே தோட்டாவில் பல பெரிய குண்டுகள்) போட்டால் 35, 40 மீட்டருக்கு மேல் சிதறிவிடும், பன்றி அடிபட்டு ஓடுமே தவிர விழாது. அந்தத் தூரத்துக்கு விலைகூடிய ஸ்கோப் எதற்கு? பழைய இரட்டைக்குழலில் அதை மாட்டும் பிடிச்சட்டமும் (ரெயில்) இருக்காது. துளை போடுவதென்றால் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர்தான் போட வேண்டும். மலிவு ஸ்கோப்புகள் பல 12 போர் உதைக்குத் தாங்காது என்பது தனிக்கதை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். துப்பாக்கி உரிமம் மாமா பெயரில் என்றால் அதை மாமாதான் தூக்க வேண்டும், நீங்கள் தூக்கினால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பன்றி சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேறு வேண்டும், அது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. அதில் எந்த நேரம், எந்த இடம் என்று என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசித்துவிட்டு, ராத்திரி விஷயத்தையும் இந்தக் கருவியையும் அவர்களின் ஈப்போ அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கருவி வாங்கிய பிறகு அல்ல, வாங்கும் முன்.

சரி, கருவிக்கு வருவோம். சந்தையில் மூன்று வகை. மங்கிய வெளிச்சத்தைப் பெருக்கிப் பச்சையாகக் காட்டும் பழைய குழாய் வகையை விட்டுவிடுங்கள். நல்லது உங்கள் விலைக்குள் வராது, மலிவான முதல் தலைமுறைக் குழாய் ஓடும்போது பகல் வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகலாம்.

இரண்டாவது டிஜிட்டல். உள்ளே இருப்பது கேமராதான், கூடவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்று. 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு தூரம் போகும், ஆனால் அதன் முகத்தில் லேசான சிவப்பு தெரியும். 940 தெரியாது, தூரமும் குறையும். திறந்த வயலில் டிஜிட்டல் அருமையாக வேலை செய்யும். செம்பனைக்குள் அப்படியில்லை, ஏனென்றால் மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர்தான், மட்டை கண்ணுக்கு முன்னால் தொங்கும், விளக்கு அதில் பட்டுத் திரும்பி வந்து திரை முழுக்க வெள்ளையாக்கிவிடும். பனியும் பூச்சியும் அதையேதான் செய்யும். விளக்கைத் தனியாகக் கழற்றிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் குறையும், முழுதாகப் போகாது. டிஜிட்டலில் ஒரு நல்ல விஷயம் உண்டு: மாடு, நாய், முசாங் (மரநாய்) எல்லாவற்றுக்கும் கண் பளபளக்கும், பன்றிக்கு விழித்திரைக்குப் பின்னால் அந்தக் கண்ணாடிப் படலம் இல்லாததால் கண் அப்படி மின்னாது. கண் மின்னினால் அது பன்றி இல்லை என்று தாராளமாக விட்டுவிடலாம். மின்னாவிட்டால் மட்டும் பன்றி என்று முடிவுகட்டக் கூடாது, மனிதனுக்கும் மின்னாது.

மூன்றாவது தெர்மல், உடல் சூட்டைப் படமாக்குவது. விளக்கு வேண்டாம். இலை கொஞ்சம் மறைத்தாலும் இடுக்கில் தெரியும் சூடு காட்டிக்கொடுத்துவிடும், அடுக்கிய மட்டைக்குப் பின்னால் முழுதாக மறைந்திருந்தால் அதுவும் காட்டாது. உங்கள் விலைக்கு 256×192 புள்ளி (பிக்சல்) சென்சார் உள்ள கைக்கருவிதான் எட்டும், அதுவும் சலுகை நேரத்திலோ பழையதாகவோ. பெட்டியில் "500 மீட்டர்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ஏதோ ஒரு சூடான புள்ளி இருக்கிறது என்று தெரியும் தூரம், என்ன பிராணி என்று தெரியும் தூரம் அல்ல. கணக்கைப் பாருங்கள்: 12 மைக்ரான் பிக்சல், 10 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் 12 சென்டிமீட்டரைப் பிடிக்கும். ஒரு மீட்டர் நீளப் பன்றி எட்டே புள்ளி. அதைப் பன்றி என்றும் சொல்லலாம், கன்றுக்குட்டி என்றும் சொல்லலாம், குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிற ஆள் என்றும் சொல்லலாம். 40 மீட்டரில் அதே பன்றி இருபது புள்ளிக்கு வரும், உருவமும் நடையும் பிடிபடும். உங்கள் நிலத்துக்கு அது போதும்.

நம் ஊர் ஈரத்தில் இன்னொரு சங்கடம். மழை பெய்து ஓய்ந்ததும் மண், மரம், இலை எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், படம் சப்பென்று இருக்கும். சேற்றில் புரண்டு வந்த பன்றியின் முதுகும் மங்கலாகத்தான் தெரியும். அதனால் விளம்பரத்தில் என்இடிடி என்று ஓர் எண் இருக்கும், அதைத் தேடுங்கள்: சூட்டில் எவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கருவி பிரித்துக் காட்டும் என்பது. 35 மில்லிகெல்வினுக்குள் இருந்தால் எடுக்கலாம், அந்த எண்ணையே போடாமல் விற்றால் தாண்டிப் போங்கள்.

என் தீர்ப்பு: தெர்மல் கைக்கருவி, துப்பாக்கியில் மாட்டாமல் நீங்கள் பார்க்க. சுடுவது மாமா, அதுவும் உருவம் சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகு. அதுவரை குழல் தரையைப் பார்க்கட்டும். காசு போதாவிட்டால் 500, 600 வெள்ளிக்கு டிஜிட்டல் வாங்கிவிட்டு மிச்சத்தை மின்வேலியில் போடுங்கள். உண்மையில் நான்கு ஏக்கருக்கு எனக்குப் பிடித்தது அதுதான். தரையிலிருந்து 20, 45 சென்டிமீட்டரில் இரண்டு கம்பி, வேலிக்கென்றே விற்கும் துடிப்பு மின்கருவி, கம்பியில் லாலான் புல் உரசாமல் வாரம் ஒருமுறை புல்வெட்டு. வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது, அது ஆளைக் கொல்லும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க: டிஜிட்டல் கருவிக்கு வண்ணப் பூச்சுப் படம் காட்டி "தெர்மல்" என்று விற்கிறார்கள். கடையில் சுவரில் உள்ளங்கையை ஐந்து வினாடி வைத்து எடுங்கள். தெர்மல் என்றால் கையை எடுத்த பிறகும் அச்சு சிறிது நேரம் தெரியும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்பவரையும் பாருங்கள், தெர்மலில் அவர் தெரியக்கூடாது (பிக்கப்பில் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் ஜன்னலை இறக்கித்தான் ஆகவேண்டும்). பேட்டரி 18650 என்ற உருளை வகை என்றால், மேலே 9,900 எம்ஏஎச் கொள்ளளவு என்று அச்சடித்தது போலி. 3,500 போட்ட நல்ல கம்பெனி பேட்டரி இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.