வாசகர் கேள்வி – பதில்: ஹனோயின் வியட் டுக் மருத்துவமனை

கேள்வி: நான் மருத்துவ மாணவி. கல்லீரல் அறுவை சிகிச்சை பற்றிய வகுப்பில் ‘துங்’ என்ற வியட்நாமிய மருத்துவரின் பெயரைப் பேராசிரியர் குறிப்பிட்டார். அவர் யார், எந்த மருத்துவமனையில் பணியாற்றினார் என்பதை விளக்க வேண்டுகிறேன்.

பதில்: அவருடைய முழுப் பெயர் தோன் தத் துங். அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட இடம், ஹனோய் நகரின் நடுவே, ஹோவான் கியெம் ஏரிக்கு அருகில் இருக்கும் வியட் டுக் மருத்துவமனை.

அந்த மருத்துவமனையைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஒரு கல்லூரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகியவற்றை உள்ளடக்கிய பிரெஞ்சு இந்தோசீனத்தின் தலைமை ஆளுநராக இருந்த பால் தூமேர் 1902இல் ஹனோயில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவ ஆணையிட்டார். 1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டறிந்த அலெக்சாந்தர் யெர்சின் அதன் முதல் இயக்குநர் ஆனார். அந்தப் பள்ளியின் மாணவர்கள் நோயாளிகளின் படுக்கையருகே நின்று கற்பதற்காகவே, அதே பத்தாண்டில் இந்த மருத்துவமனை எழுந்தது. தெருவின் பெயரால் மக்கள் அதனை ஃபூ ஸ்வான் மருத்துவமனை என்றே நெடுங்காலம் அழைத்து வந்தனர்.

கற்பிப்பதற்கென்றே பிறந்த மருத்துவமனையானாலும், காலனி ஆட்சி எதைக் கற்பிக்க விரும்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் அந்தப் பள்ளி உருவாக்கியது பிரெஞ்சு மருத்துவர்களுக்கு உதவியாக இருக்கத்தக்க துணை மருத்துவர்களைத்தான். முழுமையான மருத்துவப் பட்டத்துக்குரிய தகுதியை அது 1920களிலிருந்துதான் படிப்படியாகப் பெற்றது. 1912இல் பிறந்து, பழைய தலைநகரான ஹுவேயில் வளர்ந்த துங், 1930களில் அங்கே மாணவராக வந்து சேர்ந்தார்.

பிணப் பரிசோதனை ஒன்றின்போது, கல்லீரலின் பித்தநாளங்களுக்குள் உருளைப்புழுக்கள் புகுந்திருப்பதை அவர் கண்டார். சுகாதார வசதியற்ற ஏழைகளின் வயிற்றில் வாழும் புழு, அங்கிருந்து மேலேறிப் பித்தநாளத்தை அடைத்திருந்தது. கல்லீரலுக்குள் நாளங்கள் எந்த வழியில் ஓடுகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்பதைத் துல்லியமாகக் காட்டும் படம் அன்று மருத்துவ உலகிடம் இல்லை. எனவே அவரே அதைத் தேடத் தொடங்கினார். 1935 முதல் 1939 வரை 200க்கும் மேற்பட்ட கல்லீரல்களை எடுத்து, வேரைச் சுற்றியுள்ள மண்ணை மெல்லக் களைவதுபோல் மென்மையான திசுவை நீக்கி, நாளங்களை மட்டும் வெளிக்கொணர்ந்து வரைந்து வைத்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் இந்த ஆராய்ச்சிக்குத் தேவைப்படவில்லை. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் கிடைத்திருக்கக்கூடிய கருவிகளைவிட, தன் நாட்டு நோயாளிகளின் உடல்களை அவர் பொறுமையாகப் பார்த்ததே இந்த அறிவைத் தந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அறிவு சிகிச்சையாக மாறுவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. கல்லீரலை வெட்டினால் இரத்தம் பெருகும் என்பதுதான் அறுவை மருத்துவர்களின் பெரிய அச்சம். 1950களில் பிரெஞ்சு மருத்துவர்கள் கையாண்ட முறையில், கல்லீரலுக்கு வெளியே உள்ள நாளங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டிவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார்கள். அதற்குப் பல மணி நேரம் ஆகும். துங் வேறு வழியில் சென்றார். கல்லீரலுக்குள் நுழையும் இரத்தத்தைச் சற்று நேரம் இடுக்கியிட்டு நிறுத்திவிட்டு, விரல்களால் திசுவைப் பிளந்து, நாளங்களை உள்ளேயே கண்டுபிடித்துக் கட்டினார். எந்த நாளம் எங்கே இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்ததால், வெட்டியெடுக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. இந்த முறையை விவரிக்கும் அவருடைய கட்டுரை 1963இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. 1977இல் பிரெஞ்சு அறுவை சிகிச்சைக் கழகம் அவருக்கு லான்லோங் பதக்கம் வழங்கியது. உங்கள் பேராசிரியர் அவர் பெயரைச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: இத்தனை போர்களுக்கு நடுவே வியட்நாமில் மருத்துவக் கல்வி எப்படித் தொடர முடிந்தது?

பதில்: கட்டடத்தை விட்டுவிட்டு ஆசிரியர்கள் வெளியேறியதால்தான் தொடர முடிந்தது. 1946 டிசம்பரில் பிரான்சுக்கு எதிரான போர் மூண்டபோது, மருத்துவக் கல்லூரியின் முதல் வியட்நாமிய முதல்வரான ஹோ டக் ஸி, அவருடைய மாணவராக இருந்த துங், மேலும் பலர் வடக்கே மலைப்பகுதிக்குச் சென்றனர். 1947இல் துயென் குவாங் மாகாணத்தின் சியெம் ஹோவாவில் காட்டுக்குள்ளேயே கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டது. ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த ஒட்டுண்ணியியலாளர் டாங் வான் ஙூ 1949இல் நாடு திரும்பி அங்கே சேர்ந்தார். சோளத்தட்டைச் சாற்றில் பூஞ்சையை வளர்த்து, போர்க்களத்தில் காயமுற்றவர்களுக்கான பெனிசிலினை உருவாக்கினார். 1954இல், பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் ஃபூ போரில் காயமடைந்தவர்களுக்குத் துங் அறுவை சிகிச்சை செய்தார்.

ஹனோய் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து மீண்ட பிறகு, கிழக்கு ஜெர்மனி இந்த மருத்துவமனைக்குக் கருவிகளும் பயிற்சியும் அளித்தது. வியட்நாமையும் ஜெர்மனியையும் சேர்த்துச் சொல்லும் ‘வியட் டுக்’ என்ற பெயர் அந்த நட்பால் வந்தது. ஆனால் அமைதி நீடிக்கவில்லை. மலேரியா ஆராய்ச்சிக்காகப் போர்முனைக்குச் சென்ற டாங் வான் ஙூ 1967இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் உயிரிழந்தார். 1972 டிசம்பர் 22 அன்று ஹனோயின் மற்றொரு பெரிய போதனா மருத்துவமனையான பாக் மாய் மீது குண்டுகள் விழுந்து, அங்கே பணியிலிருந்த 28 பேர் இறந்தனர். நோயாளிக்கு அருகில் நின்றதற்காகவே உயிரிழந்த அவர்களைப் பற்றிய குறிப்பு, மருத்துவ வரலாறு கற்பிக்கும் எந்த வகுப்பிலும் இடம்பெறத் தகுதியுடையது.

கேள்வி: ஒட்டிப் பிறந்த வியட், டுக் சகோதரர்களுக்கும் இந்த மருத்துவமனைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 1981இல் கோன் தும் மாகாணத்தில் பிறந்த அக்குழந்தைகள் ஹனோய்க்குக் கொண்டுவரப்பட்டு இங்கே பராமரிக்கப்பட்டனர். மருத்துவமனையின் பெயரே அவர்களுக்கு இடப்பட்டது. ஆனால் அவர்களைப் பிரித்த அறுவை சிகிச்சை 1988இல் ஹோ சி மின் நகரின் து ஸூ மருத்துவமனையில் நடந்தது. வியட் 2007இல் காலமானார். அவர்கள் ஒட்டிப் பிறந்ததற்குக் காரணமாகப் பலரும் சொல்வது, போரின்போது அமெரிக்கப் படைகள் தெளித்த களைக்கொல்லியில் இருந்த டயாக்சின் என்ற நச்சுப்பொருளை. அது மனித உடலை என்ன செய்கிறது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்பியவர்களில் துங்கும் ஒருவர்.

கேள்வி: இன்று வியட் டுக் மருத்துவமனையின் பங்கு என்ன?

பதில்: ஹனோய் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் பட்ட மேற்படிப்பு மருத்துவர்களும் இன்றும் அறுவை சிகிச்சை கற்கும் முதன்மையான இடங்களில் அது ஒன்று. வட மாகாணங்களின் கடுமையான விபத்து நோயாளிகள் இறுதியில் வந்து சேர்வதும் இங்கேதான். மோட்டார் சைக்கிள்களால் நிறைந்த அந்த நாட்டில், தலைக்காயங்களைக் குறைக்கும் நோக்கில், 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

எல்லோரும் தலைநகரை நோக்கியே வந்தால் எந்த மருத்துவமனையும் தாங்காது. ஆகவே 2008இல் சுகாதார அமைச்சகம் ‘1816’ என்ற எண்ணுடைய ஆணையின் மூலம், மைய மருத்துவமனைகளின் மருத்துவர்களைச் சில மாதங்களுக்கு மாகாண மருத்துவமனைகளுக்கு அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே சென்றவர்கள் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதோடு, உள்ளூர் மருத்துவர்களுக்கு அந்தச் சிகிச்சையைக் கற்றுத்தரவும் வேண்டும். போதனா மருத்துவமனை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பணி எனக்குத் தோன்றவில்லை.

உறுப்பு மாற்றுச் சிகிச்சையிலும் அது முன்னணியில் உள்ளது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்ற கல்லீரலைப் பொருத்தும் சிகிச்சை 2010இல் இங்கே நடந்தது. 2013இல் நிறுவப்பட்ட, உறுப்பு மாற்றத்துக்கான தேசிய ஒருங்கிணைப்பு மையமும் இதே வளாகத்திலிருந்துதான் செயல்படத் தொடங்கியது.