ஆய்வு நிதி: குமரி மாவட்ட ஆசிரியர்களின் ஆறு கேள்விகள்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். நிதி கேட்டும் எழுதியிருக்கிறேன், நிதி கேட்டவர்களின் விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். வந்த கடிதங்களில், பலருக்கும் உதவக்கூடிய ஆறை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எல்லா நிதியும் ஐ.ஐ.டி.களுக்கே போய்விடுகிறது என்கிறார்கள். நான் விண்ணப்பிப்பதில் பொருள் உண்டா? (தக்கலை)

உண்டு. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைதான் இப்போது அறிவியல், பொறியியல் துறைகளுக்கு முதன்மையான கதவு. பழைய எஸ்.இ.ஆர்.பி. (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) இதில்தான் கரைந்தது. முனைவர் பட்டமும், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் நிரந்தரப் பணியும் வேண்டும். தனியார் கல்லூரி என்பது தடையில்லை. கல்லூரி அறக்கட்டளை, தன்னார்வ அமைப்புகள் பதிவு செய்யும் அரசின் 'தர்ப்பண்' தளத்தில் பதிவு எண் பெற்றிருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கடைசி நாளில் இந்த எண்ணைத் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களைப் போன்றவர்களுக்காகவே எஸ்.இ.ஆர்.பி. காலத்தில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வேலையை விடாமல், மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டில் சில மாதங்கள் ஒரு தேசிய ஆய்வகத்தில் போய் வேலை செய்யலாம். அப்போது ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஆய்வுத் தொகை தந்தார்கள். இதற்கான அழைப்பு வெளியாகிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள். நம் மாவட்டத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு. களியக்காவிளை தாண்டிப் போனால் பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் என்.ஐ.ஐ.எஸ்.டி. ஆய்வகம், வலியமலையில் விண்வெளித் தொழில்நுட்பக் கழகம், விதுரையில் ஐசர் என்னும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சிக் கழகம். சென்னையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், திருவனந்தபுரம் பஸ் வாசலில் நிற்கிறது.

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் மூலிகைகளைப் பற்றி ஆராய விரும்புகிறேன். என்ன அனுமதி வேண்டும்? (மார்த்தாண்டம், தாவரவியல் ஆசிரியை)

அம்மா, இந்தக் கேள்வியை நிதி கேட்பதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலோர் பணம் வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

அந்தக் காடு கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் ஆய்வுக்காக உள்ளே போக முடியாது. மாவட்ட வன அலுவலர் வழியாக எழுதுங்கள். ஆய்வின் முடிவில் காப்புரிமை கேட்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மனிதரிடம் கேட்டு எழுதும் ஆய்வு என்பதால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவும் பார்த்திருக்க வேண்டும்.

இவை காகித அனுமதிகள். காணிக்காரரின் சம்மதம் இவை எல்லாவற்றுக்கும் மேலே. மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைத் தெரிந்துகொண்டு போங்கள். 1987இல் அகத்திய மலையில் வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காயைத் தின்றார்கள். உடன் போன விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிக்காரர்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. குறைகள் இருந்தன, பணத்தை வாங்க ஒரு அறக்கட்டளை அமைவதற்கே ஆண்டுகள் ஆயின. ஆனாலும் அறிவுக்கு உரியவர் யார் என்ற கேள்வியை அது உலகத்தின் முன் வைத்தது.

இன்னொன்று. ஒருமுறை எனக்கு மதிப்பீட்டுக்கு வந்த இதே போன்ற விண்ணப்பத்தில் வேதிப்பொருள்களுக்கு லட்சக்கணக்கில் ஒதுக்கியிருந்தார்கள். தகவல் சொல்லப் போகிறவருக்கு ஒரு ரூபாய் இல்லை. காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போக வேண்டிய பெரியவர் உங்களோடு காட்டில் நடந்தால் அன்றைய கூலி போயிற்று. அதைக் களப்பணிச் செலவில் நாள் கணக்காக எழுதுங்கள். எந்தக் குழுவும் அதை வெட்டாது. வெட்டினால் வாதாடுங்கள்.

தமிழ்த் துறையில் இருக்கிறேன். நம் பகுதியின் பழைய ஓலை ஆவணங்களை வைத்து ஊர் வரலாறு எழுத ஆசை. எங்களுக்கு யார் நிதி தருவார்கள்? (நாகர்கோவில்)

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தைத்தான் முதலில் நினைத்திருப்பீர்கள். அதன் அக்கறை 41 செவ்வியல் நூல்களும் அவற்றின் காலமும். உங்கள் பொருள் அதில் அடங்காது. 1972இல் தொடங்கிய இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்துக்கு எழுதுங்கள். தமிழ்த் துறைக்காரர் வரலாற்றுக் கழகத்திடம் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். வரலாற்றுத் துறை நண்பர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டால் பலம்.

விண்ணப்பத்தில் நீங்கள் அழுத்த வேண்டியது ஒன்று உண்டு. நாம் முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், அதன் பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தோம். நம் ஊர் நிலங்களும் குளங்களும் வரிகளும் பதிவான ஓலைகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில், கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நம் மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக்கூடக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. ஆய்வுக்காக உள்ளே படம் எடுக்கவும் அங்கேதான் எழுத வேண்டும். தில்லியில் உட்கார்ந்து படிக்கும் மதிப்பீட்டாளருக்கு இது தெரியாது. "தமிழ்நாட்டு ஊர் வரலாற்றுக்கு எதற்கு இத்தனை கேரளப் பயணம்?" என்று கேட்டு உங்கள் பயணச் செலவைக் குறைத்துவிடுவார். முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த ஓலைகளைச் சுருணை என்பார்கள்: வட்டமாகச் சுருட்டிக் கட்டியவை. அவிழ்த்தால் வட்டெழுத்து, மலையாண்மை என்னும் பழைய எழுத்துகளும் தமிழும் கலந்து வரும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இன்று மிகக் குறைவு. ஆகவே ஓலை படிப்பவருக்கான ஊதியத்தைத் தனித் தலைப்பாகக் காட்டுங்கள். கணினி வாங்கும் தொகையைக் குறைத்தாவது இதைக் காப்பாற்றுங்கள்.

ஒக்கிப் புயலில் கணவரை இழந்த பெண்களைப் பற்றி 300 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்யத் திட்டம். கிடைக்குமா? (கொல்லங்கோடு, பொருளியல்)

1969 முதல் இயங்கும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுதான் உங்களுக்கு உரிய இடம். ஆனால் இந்த வடிவத்தில் அனுப்பாதீர்கள். 2017 நவம்பருக்குப் பிறகு வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் அந்த வீடுகளின் படி ஏறிக் கேள்வித்தாள் நீட்டியவர்கள் ஏராளம். அந்தப் பெண்கள் ஒரே கதையை எத்தனை முறை அழுது சொல்வார்கள்?

தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் பெரும்பாலும் கொச்சியிலிருந்து கடலுக்குப் போகின்றன. டீசலும் ஐஸும் யார் கடனில் ஏறுகின்றன, புயல் எச்சரிக்கை கரையில் வந்தால் நடுக்கடலில் நிற்கும் படகுக்கு எப்படிப் போகிறது, திரும்பி வரச் சொன்னால் அந்தச் செலவை யார் சுமப்பது? பத்துப் படகுகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து இதை எழுதினால், அடுத்த புயலில் ஒரு உயிராவது மிஞ்சும். அதற்கு நிதி கேளுங்கள்.

திட்டத்தின் வங்கிக் கணக்கில் வட்டி சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு பிரிண்டர் வாங்கலாமா? (குழித்துறை)

கூடாது. வட்டி அரசுக்குச் சொந்தம். பயனீட்டுச் சான்றிதழில் காட்டி, 'பாரத்கோஷ்' என்ற மத்திய அரசின் இணையத் தளம் வழியாகத் திருப்பிச் செலுத்தி, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

மணவாளக்குறிச்சி மணலின் கதிரியக்க அளவு பற்றிய என் விண்ணப்பம் மூன்றாம் முறையும் நிராகரிக்கப்பட்டது. காரணம் புரியவில்லை. (இயற்பியல் ஆசிரியர்)

மனம் தளராதீர்கள். உங்கள் சுருக்கத்தைப் படித்தேன். கதிரியக்கத் தாதுவான மோனசைட் நிறைந்த அந்தக் கரையில் கதிரியக்கம் அதிகம் என்பது பல பத்தாண்டுகளாக அளந்து அளந்து தெரிந்த செய்தி. இன்னொரு முறை அளக்கப் பணம் தர யாரும் முன்வரமாட்டார்கள்.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி என்னை நிறுத்தியது: கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவுகள் கட்டிய பிறகு மணல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் அரிக்கிறது என்பது. அப்படியானால் கனமான மோனசைட் எங்கே போய்ப் படிகிறது? குடியிருப்பை நோக்கியா, விலகியா? இதுதான் கேள்வி. அணுசக்தித் துறையின் அணு அறிவியல் ஆராய்ச்சி வாரியத்துக்கு (பி.ஆர்.என்.எஸ்.) இதை எழுதுங்கள். மணல் எடுக்க வேண்டிய அனுமதிகளை முதலிலேயே கேட்டுப் பெற்று இணைத்துவிடுங்கள்.

கால அட்டவணையில் கவனம் வேண்டும். என் முதல் திட்டம் கடியப்பட்டினம் பாறைகளில் கடற்பாசியோடு ஒட்டி வாழும் உயிரினங்களைப் பற்றியது. ஜூனில் தொடங்குவதாக எழுதினேன். பணம் வரும்போது தென்மேற்குப் பருவம் முடிந்துவிட்டது. ஓர் ஆண்டு முழுவதும் வீணாயிற்று. அதனால் "முதல் மாதம், இரண்டாம் மாதம்" என்று எழுதாமல் பருவத்தைக் கொண்டு எழுதுங்கள்.

அனுமதி கையில் வந்ததும், நிதிக்குக் காத்திராமல், வளைவின் இரு பக்கமும் நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை மணல் எடுத்து அளந்துவிடுங்கள். அந்த இரண்டு அட்டவணைகளும் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.